தண்ணீர் கேட்காத செடி

ஆரணிக்கு அருகே திருமலையில், ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டு பாறையில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 1000 ஆண்டு. அது வெட்டப்பட்ட நாளில் நித்தியகல்யாணியை இங்கே யாரும் பார்த்திருக்க முடியாது. அந்தச் செடியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. பிந்தைய நூற்றாண்டுகளில்தான் கப்பலேறி வெப்ப நாடுகளெங்கும் பரவியது. இன்றோ தமிழ்நாட்டில் அது பூக்காத ஊர் அபூர்வம்.

கோடையில் கிணறு வற்றினாலும் அது பூக்கும். இலை கசப்பு என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. விதை தானே உதிர்ந்து தானே முளைக்கும். நட்டவர் போன பிறகும் கல்லறை மேட்டில் நின்று பூப்பதால்தான் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் அதற்கு வந்தது.

அந்தக் கசப்பில்தான் மருந்து இருந்தது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்து 25 இலைகள் ஓர் உறையில் கனடாவுக்குப் போயின. அங்கே ஆய்வாளர் ராபர்ட் நோபிள் அவற்றின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. அப்படியானால் ரத்தப் புற்றுநோயை இது அடக்குமா? இந்தக் கேள்வியோடு அவரும் சக ஆய்வாளர் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் என்ற மருந்துப்பொருளை 1958-இல் அறிவித்தார்கள். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினையும் கண்டெடுத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது அடிப்படை மருந்து.

ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். வேலியோரச் செடி பயிரானது இதனால்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் மழையை நம்பி விதைத்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்துச் செடியை அறுத்து, நிலத்தை உழுது வேரை எடுத்து, கழுவி உலர்த்தினார்கள். இலை அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும் போனது. ரத்த ஓட்டத்துக்கான மருந்துக்காக வேர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போனது. மருந்து வரலாற்று நூல்கள் நோபிளைச் சொல்லும் அளவுக்கு இந்தக் கரிசல், செம்மண் உழவர்களைச் சொல்வதில்லை. அது பெரிய குறை.

2022-இல் வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களை ஈஸ்ட்டிலேயே உருவாக்கியதாக அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். அந்த முறை ஆலைக்கு வந்தால், இந்த இலை வாணிகம் ஒரு புதிய போட்டியாளரைச் சந்திக்கும்.