கழிவுநீரின் தழைச்சத்தும் கனிமரத்தின் காலக்கணக்கும்

சுத்திகரித்த கழிவுநீரைப் பழத்தோட்டத்துக்குப் பாய்ச்சலாமா என்ற விவாதம் பெரும்பாலும் கிருமிகளோடு நின்றுவிடுகிறது. சொட்டுநீர்க் குழாயிலிருந்து வேரடியில் விழும் நீர், கிளையில் தொங்கும் காயைத் தொடுவதில்லை. அந்த அச்சத்துக்கு ஓரளவு விடை உண்டு. இந்நீர் கொண்டுவரும் சத்தை உரமாகக் கணக்கிடலாமா என்பதே கடினமான கேள்வி. கணக்கிடலாம், உப்பையும் அதே ஏட்டில் எழுதினால்தான் அந்தக் கணக்கு செல்லும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்துள்ள நீரை எக்டேருக்கு 5,000 கனமீட்டர் பாய்ச்சினால் 100 கிலோ தழைச்சத்து சேரும். ஆரஞ்சுத் தோட்டத்துக்கு இது சிறிய அளவன்று. அதே நீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் 1,250 கிலோ குளோரைடும் மண்ணில் இறங்கும். அவகேடோவின் இலை நுனி கருகத் தொடங்குவது இப்படித்தான்.

காலமும் ஒத்துவருவதில்லை. உரம் வேண்டாத பருவத்தில் மூட்டையைப் பிரிக்காமல் விடலாம். இந்நீரின் சத்தை நிறுத்தப் பாசனத்தையே நிறுத்த வேண்டும். மத்தியதரைக் கடலோரத்தில் துளிரும் பூவும் வரும் வேளையில் மண்ணில் மழையீரம் இருக்கும்; பாசனம் உச்சத்துக்குப் போவது கோடையில். அப்போது மிகுதியாகச் சேரும் தழைச்சத்தால் ஆரஞ்சின் தோல் தடிக்கும், நிறமேறுவதும் தள்ளிப்போகும்.

தன் கழிவுநீரில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வேளாண்மைக்குத் திருப்பும் இஸ்ரேலை எல்லோரும் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். அங்கே களிமண் தோட்டங்கள் பட்ட பாட்டைச் சொல்பவர்கள் குறைவு. சோடியம் ஏறிய களிமண் துகள்கள் மழைநீர் பட்டதும் பிரிந்து துளைகளை அடைக்கின்றன. வேருக்குக் காற்று போதாமல் போகிறது. நெடுங்காலம் இந்நீர் பாய்ந்த களிமண்ணின் நீர்கடத்தும் திறன் குறைந்ததை அசூலின், நர்கிஸ் ஆகியோரின் 2011 ஆய்வு காட்டியது.

புளோரிடாவின் ஆர்லாண்டோ பகுதியில் 1986 முதல் ஆரஞ்சு வகைத் தோட்டங்களுக்கு இத்தகைய நீர் போகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டர் வரை பாய்ச்சிய சோதனையிலும் மரங்கள் செழித்தன. சாற்றின் அடர்த்தி குறைந்தாலும் மகசூல் கூடியது. மணலும் பெருமழையும் உப்பைக் கழுவிவிடும் நிலம் அது. அந்த முடிவைக் களிமண் நாட்டுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. புளோரிடாவில் மணிச்சத்தும் போரானும் தேவைக்குக் கிடைத்தன. ஆனால் தழைச்சத்தைத் தனியே இட வேண்டியிருந்தது.

சுத்திகரிப்பில் வழக்கமான நுண்ணுயிர் முறைகள் உப்பை அகற்றுவதில்லை. எனவே தீர்வைத் தோட்டத்தில் தேடுவதைவிட நகரத்தில் தேடுவதே முறை. மிகுந்தால் மரத்துக்கு நஞ்சாகும் போரானை இஸ்ரேல் சலவைத்தூளில் கட்டுப்படுத்தியது. இறைச்சிக்கு உப்பிடும் ஆலைகளின் உப்புக் கழிவைச் சாக்கடையில் விடவும் தடை விதித்தது. 2005-இல் அஷ்கெலோன் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தபின் குடிநீரிலேயே உப்பு குறைந்தது. அதோடு மெக்னீசியமும் போய்விட்டதால், உழவர்கள் இப்போது அதை விலைக்கு வாங்கி இட வேண்டியிருக்கிறது.