பழைய வால்வு பேஸ் பெருக்கிகள்

வால்வு பேஸ் பெருக்கி என்பது பேஸ் கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின் சமிக்ஞையை வெற்றிடக் குழல்களின் உதவியால் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவியாகும். வெற்றிடக் குழல் பேச்சு வழக்கில் வால்வு எனப்படுகிறது. டிரான்சிஸ்டர் பரவுவதற்கு முன் வீடுகளில் இருந்த வால்வு ரேடியோவில் இயங்கியதும் இதுவே. 1950களிலிருந்து 1970கள் வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட இத்தகைய பெருக்கிகள் பல இன்றும் இயங்குகின்றன. அவை இன்றைய வாசிப்புக்கு ஏற்றவையா என்பது இசைக்கலைஞர்களிடையே தொடர்ந்து விவாதிக்கப்படுகிறது. அவை எந்தச் சூழலுக்காகச் செய்யப்பட்டன, அச்சூழல் பின்னர் எவ்வாறு மாறியது என்பதைப் பொறுத்தே இதற்கான விடை அமைகிறது.

தோற்றம்

1951-இல் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரை அறிமுகப்படுத்தினார். ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்தைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்கு இது பெரும் வசதியாக இருந்தது. இதற்கென அவரது நிறுவனம் 1952-இல் பேஸ்மேன் என்ற பெருக்கியை வெளியிட்டது. அதில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதன் திறன் சுமார் 26 வாட்.

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. மனிதச் செவி இத்தகைய தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே உணரும். எனவே கிட்டாருக்கு இணையாக பேஸ் கேட்க வேண்டுமானால் அதைவிடப் பல மடங்கு மின்திறன் தேவை. தொடக்ககாலப் பெருக்கிகளால் இதை ஈடுகட்ட முடியவில்லை. ஒலியளவைக் கூட்டினால் ஒலி சிதைந்தது. பேஸ் கலைஞர்களுக்குக் குறையாக இருந்த இச்சிதைவையே கிட்டார் கலைஞர்கள் விரும்பினர். நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட 1950களின் பிற்கால பேஸ்மேன் மாதிரியைப் பின்பற்றித்தான் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் முதல் மார்ஷல் கிட்டார் பெருக்கி உருவானது.

ஆம்பெக் நிறுவனம்

பேஸ் கலைஞரான எவரெட் ஹல், டபுள் பேஸின் உடலுக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தும் முறையை 1940களில் உருவாக்கினார். அதை ஒட்டியே அவரது நிறுவனத்துக்கு ஆம்பெக் என்ற பெயர் அமைந்தது. 1960-இல் இந்நிறுவனம் பி-15 போர்ட்டாஃபிளெக்ஸ் என்ற பெருக்கியை வெளியிட்டது. இதை வடிவமைத்தவர் ஜெஸ் ஆலிவர். பெருக்கிப் பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம் என்பது இதன் சிறப்பு. திறன் 25 வாட் மட்டுமே. மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் இதைப் பயன்படுத்தினார். தெளிவான ஒலியையே விரும்பிய ஹல், ராக் இசையின் உரத்த ஒலியை ஏற்கவில்லை.

ஆனால் காலம் ராக் இசையின் பக்கம் இருந்தது. 1965-இல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் குழு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன் வாசித்தபோது, மேடையில் இருந்தவை 100 வாட் பெருக்கிகளே. ரசிகர்களின் கூச்சலில் இசை மூழ்கியது. இத்தகைய அரங்குகளுக்காக ஆம்பெக் 1969-இல் எஸ்.வி.டி. என்ற 300 வாட் பெருக்கியை உருவாக்கியது. அதில் 14 வால்வுகள் இருந்தன. ஸ்பீக்கர் பெட்டி இல்லாமலேயே அதன் எடை 40 கிலோவை நெருங்கியது. அவ்வாண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தனது அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இதன் முன்மாதிரிகளைப் பயன்படுத்தியது.

மேடை ஒலியமைப்பில் மாற்றம்

அக்காலத்தில் அரங்கின் பொது ஒலியமைப்பு பெரும்பாலும் பாடகரின் குரலுக்கு மட்டுமே பயன்பட்டது. கடைசி வரிசை வரை பேஸ் ஒலியைக் கொண்டுசெல்வது பெருக்கியின் பொறுப்பாக இருந்தது. 1970களில் இந்நிலை மாறியது. எல்லா வாத்தியங்களின் ஒலியும் கலவைப் பலகை வழியாக அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களுக்குச் சென்றது. மேடையில் உள்ள பெருக்கி, வாசிப்பவர் தன் ஒலியைத் தானே கேட்பதற்கான கருவியாகச் சுருங்கியது.

இதனால் பழைய பெருக்கிகளின் மதிப்பு தலைகீழானது. பெரிய அரங்குகளுக்கென்றே பிறந்த எஸ்.வி.டி.யின் பேரொலி இன்று பல மேடைகளில் தேவைக்கு மிஞ்சியதாகிவிட்டது. ஒரு காலத்தில் ஒலி போதவில்லை என்று ஒதுக்கப்பட்ட 25 வாட் பி-15, ஒலிப்பதிவுக் கூடத்திலும் சிறிய அரங்கிலும் மீண்டும் பயனுள்ளதாகியுள்ளது.

இன்றைய சிக்கல்கள்

எடை முதல் சிக்கலாகும். இன்று 2 அல்லது 3 கிலோ எடையில் 500 வாட் திறன் தரும் டிரான்சிஸ்டர் பெருக்கிகள் கிடைக்கின்றன. அவற்றைத் தோள்பையில் எடுத்துச் செல்லலாம்.

அடுத்தது உதிரி பாகங்கள். மின்னணுத் தொழில் டிரான்சிஸ்டருக்கு மாறியதால், 1980களின் முடிவுக்குள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வால்வு உற்பத்தி பெரும்பாலும் நின்றது. இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் சில தொழிற்சாலைகளே உலகத் தேவையை நிறைவு செய்கின்றன. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது தட்டுப்பாடு குறித்த அச்சம் எழுந்தது. மின்தேக்கிகளும் பல பத்தாண்டுகளில் உலர்ந்து பழுதாகின்றன. அவற்றை மாற்றாமல் பழைய பெருக்கியை நம்பி மேடையேற முடியாது.

மிக முக்கியமானது பாதுகாப்பு. இவற்றுள் பல, தரையிணைப்பு இல்லாத இரு முனைச் செருகியுடன் விற்கப்பட்டவை. பழுதடைந்த பெருக்கியில், தந்தியைத் தொட்டபடி ஒலிவாங்கியைத் தொடுபவர் மீது மின்சாரம் பாயலாம். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், தரையிணைப்பு சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்தார். மேலும், மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் பெருக்கியின் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். எனவே மூன்று முனைச் செருகி பொருத்துவது உட்பட எல்லாப் பழுதுபார்ப்பும் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டிய வேலையாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இன்னொரு தடை உண்டு. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை சுமார் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. இங்கு வழங்கப்படுவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இல்லாமல் இணைத்தால் கருவி பழுதாகிவிடும். அதை இணைத்த பின்னும், அதிர்வெண் மாறாததால் கருவியின் உள் மின்மாற்றி கூடுதலாகச் சூடேறக்கூடும்.

ஒலியின் சிறப்பு

இத்தனை இடர்களுக்கிடையிலும் இவை விரும்பப்படுவதற்குக் காரணம் ஒலியே. திறனின் எல்லையை நெருங்கும்போது வால்வு, சமிக்ஞையின் முகடுகளைத் திடீரென வெட்டாமல் மெல்ல வளைக்கிறது. அப்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. தாழ்ந்த சுரங்களைச் சரியாக ஒலிக்காத சிறு ஸ்பீக்கரிலும், இம்மேற்சுரங்களின் வழியே செவி பேஸ் வரியை அடையாளம் கண்டுகொள்கிறது. இன்று பல சிறு கருவிகளும் மென்பொருள்களும் இவ்வொலியைப் போலச் செய்ய முயல்கின்றன.

மதிப்பீடு

ஓரிடத்தில் நிலையாக வைத்து, முறையாகப் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பழைய வால்வு பெருக்கி, குறிப்பாகக் குறைந்த திறனுள்ளது, இன்றும் ஏற்றது. நாள்தோறும் ஊர் மாறி வாசிக்கும் கலைஞருக்கு, ஒரே பெருக்கியாக அதை மட்டும் நம்பியிருப்பது இடர் மிக்கது. அத்தகையோருக்கு எடை குறைந்த நவீனப் பெருக்கியே நடைமுறைக்கு உகந்தது.