விரலுக்குப் பதிலாக ஒலி

தங்கையின் ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லோ லையிங் பிளசென்டா' என்று ஒரு வரி. "நஞ்சுக்கொடி கீழ இருக்காம்ணே, அப்ப சிசேரியன்தானா?" என்று போனில் கேட்டாள். 32-வது வாரம் மறுபடி பார்க்கலாம், இப்பவே கவலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வழக்கம்போல பழைய கதையைத் தோண்ட உட்கார்ந்துவிட்டேன்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக்கொண்டிருந்தால், பிரசவத்தில் வாய் திறக்கத் திறக்க ரத்தம் கொட்டும். அந்தக் காலத்தில் இதை உறுதி செய்ய விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் தொட்டாலே ரத்தம் பீறிடலாம்! அதனால் ஆபரேஷன் தியேட்டரில் சிசேரியனுக்கு எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டுதான் விரலையே வைப்பார்கள். 1945-ல் பெல்ஃபாஸ்ட் டாக்டர் மெக்காஃபி, 174 பேரின் விவரங்களோடு ஒரு கட்டுரை எழுதினார். அவசரப்பட்டுத் தொடாதீர்கள், ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் குழந்தை வளரும்வரை காத்திருங்கள் என்பதுதான் அதன் சாரம். பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் வேறு காரணத்தால் ரத்தம் பட்டவர்களும் வாரக்கணக்கில் கட்டிலில் கிடக்க வேண்டியிருந்தது.

கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்ட் 1955-ல் அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். இரும்பில் விரிசல் கண்டுபிடிக்கும் கருவியில் அவற்றை வைத்துப் பார்க்கத்தான். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இருந்தது. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினியர் தானாகவே அவருக்கு போன் செய்து சேர்ந்துகொண்டார். (நம்ம ஜாதி ஆள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.) இவர்களோடு டாக்டர் மெக்விகாரும் சேர்ந்து 1958-ல் லான்செட்டில் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் காட்டஸ்ஃபெல்ட் குழு, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஒலியாலேயே கண்டுபிடிப்பதைப் பற்றி எழுதியது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் மூத்திரப்பை. அது நிறைந்திருந்தால் ஒலி தடங்கலில்லாமல் உள்ளே போகும், படம் தெளிவாக வரும். ஆனால் ரொம்ப முட்டினால் கருப்பையின் கீழ்ப்பகுதியை அழுத்தி, மேலே இருக்கும் நஞ்சுக்கொடியையும் வாய்க்கருகே இருப்பதுபோலக் காட்டிவிடும். அளக்கிற ஏற்பாடே அளவைக் கெடுக்கிற இந்த மாதிரி பக்-ஐ நானும் ஆபீசில் பார்த்திருக்கிறேன்.

1973-ல் டொனால்ட் கிங் இன்னொன்றைக் காட்டினார். மாதம் ஏற ஏற நஞ்சுக்கொடி மேலே 'நகர்கிறது'. உண்மையில் அது பெயர்ந்து போவதில்லை. கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு வளர்வதால் வாய்க்கும் அதற்கும் இடையே தூரம் கூடுகிறது. ஐந்தாம் மாதத்தில் கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவை பிரசவத்துக்குள் விலகிவிடுவது இதனால்தான்.

1980-களில் யோனி வழி ஸ்கேன் வந்தபோது பழைய விரல் பயம் மறுபடி எழுந்தது. ஆனால் அந்தக் கருவி கருப்பை வாய்க்குள் நுழைவதில்லை, சற்றுத் தள்ளியே நிற்கும். மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். இன்று 20 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால்தான் 'லோ லையிங்'. வாயை மூடியே இருந்து, வேறு சிக்கல் இல்லையென்றால், 36-37 வாரத்தில் சிசேரியனுக்கு முன்கூட்டியே நாள் குறிக்கிறார்கள்.

போன வாரம் தங்கை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 34 மி.மீ.