போறணை

மட்டக்களப்பில் பாண் வேகும் செங்கல் அறைக்குப் போறணை என்று பெயர். போர்த்துக்கேய மொழியின் 'ஃபோர்னோ'தான் சிங்களத்தில் போறணுவ என்றும் நம்மிடம் போறணை என்றும் ஆயிற்று. சொல்முதல் 'ஃப' தமிழில் பகரமாவதும், ஒட்டி நின்ற இரு மெய்களுக்கிடையே அகரம் நுழைவதும் இயல்பே. ஈற்று 'ஐ'க்குக் கோப்பை சான்று. அது 'கோப்போ'விலிருந்து வந்தது. பாண், குசினி, தாச்சி என்று உடன்வந்த சொற்கள் எல்லாம் சமையலைச் சுற்றியே இருப்பது தற்செயல் அல்ல. பண்டமும் அதைச் சுடும் முறையும் சேர்ந்தே வந்தன.

போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். பத்தாண்டு ஆட்சி ஒரு சொல்லை வேரூன்ற வைக்குமா என்று கேட்கலாம். ஆட்சி போனாலும் மொழி போகவில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் போர்த்துக்கேயக் கலப்புமொழி இலங்கையில் புழங்கியது. மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் வீட்டில் இன்றும் அதைப் பேசுகிறார்கள். அதற்காகப் போறணை மட்டக்களப்பில் பிறந்த சொல் என்று உரிமை கொண்டாட முடியாது. சிங்களத்திலும் அது இருப்பதால், பாண் தொழிலோடு தீவெங்கும் பரவியது என்பதே பொருத்தம். 'கந்தோர்' தந்த ஒல்லாந்தரின் 'ஓவன்' அன்று நம்மிடம் நிலைக்காததற்கு, அந்த இடத்தில் முன்னமே ஒரு சொல் அமர்ந்திருந்ததே காரணம் என்று கருதுகிறேன்.

அடுப்பும் சூளையும் இருக்க இரவல் எதற்கு என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அடுப்பின் சூடு கீழிருந்து வருவது. சூளை கல்லுக்கும் சட்டிக்கும் உரியது. போறணையிலோ உள்ளே விறகெரித்துத் தணலை ஒதுக்கிய பின், சுவரும் கூரையும் குடித்த வெப்பமே மாவை நாற்புறமும் வேகவைக்கிறது. பிரெஞ்சுக்காரரின் கிராட்டின் என்னும் பண்டத்துக்கு வேண்டியதும் இதுதான். சுரண்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த அப்பெயர், முதலில் பாத்திரத்தில் ஒட்டிச் சுரண்டியெடுக்கும் பொருக்கைக் குறித்தது. பிறகு பால், பாலாடைக்கட்டியின்மேல் படியும் பொன்னிற ஏட்டுக்கு ஆகிவந்தது. கிராட்டினை அடுப்பில் வைத்தால் அடி தீயும், மேல் வெளுத்தே கிடக்கும். மேல்நெருப்பு நமக்குத் தெரியாததல்ல; அப்பச்சட்டியின் மூடியில் சிரட்டைத் தணல் இட்ட வழக்கம் இருந்தது. ஆனால் அது ஒரு சட்டியளவு சூடு. நாற்புறமும் மூடிய அறையின் உலர்ந்த வெப்பத்துக்குத் தனிப்பெயர் இல்லாத இடத்தில்தான் போறணை வந்து அமர்ந்தது. எந்தத் தமிழ்ச் சொல்லையும் அது துரத்தவில்லை.

'வெதுப்பகம்' அழகான ஆக்கம். கடைக்குப் பெயராக இருக்கட்டும். ஆனால் வெதுப்புதல் இளஞ்சூடாக்குதல். கிராட்டினின் மேற்பரப்பைச் சிவக்க வைக்கும் சூட்டை அது சொல்லாது. மின்சாரப் பெட்டி வீட்டுக்குள் வந்ததும் நாம் 'அவன்' என்று சொல்லத் தொடங்கி, போறணையைப் பாண்காரரிடமே விட்டுவிட்டோம். விறகு போய் மின்சாரம் வந்தாலும் வேலை அதேதான். வாவி இறாலிலோ மரவள்ளிக்கிழங்கிலோ கிராட்டின் செய்முறை எழுதுகிறவர்கள், 'போறணையில் 180 பாகைச் சூட்டில் வையுங்கள்' என்றே எழுத வேண்டும்.