தலை மட்டும் வெள்ளைக்காரன்

மரை கழண்டவன் என்று ஒருவனைத் திட்ட நம்மிடம் வார்த்தை இருக்கிறது. தப்பான மரையில் போல்ட்டை முறுக்கியவனைத் திட்ட வார்த்தை இல்லை. போன வருடம் சிலிபினில், பெரியப்பாவின் பட்டறையில், நான் அப்படி ஒருவனாக நின்றேன்.

வண்டி எம்ஜி டிடி. 1950 முதல் 1953 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் மொத்தம் 29,664 செய்தார்கள். பெரும்பாலானவை கப்பலேறி வெளிநாடு போயின. 1250 சிசி என்ஜின், எக்ஸ்பிஏஜி என்று பெயர். எண்ணெய் தங்கும் சம்ப்பைக் கழற்றிக் கேஸ்கெட் மாற்றியாகிவிட்டது, திரும்பப் பூட்ட வேண்டும். மூன்று போல்ட் குறைந்தது. நான் பொறியியல் படித்தவன் அல்லவா, கணக்குப் போட்டேன். பழைய போல்ட்டின் தலையில் 13 மில்லி ஸ்பானர் நுழையவில்லை, 14 வழுக்கியது. பிரிட்டிஷ் ஸ்பானர் பெட்டியில் கால் டபிள்யு என்று பொறித்தது கச்சிதமாக உட்கார்ந்தது. தலை விட்வொர்த் என்றால் உடம்பும் இஞ்சுதானே? டின்னில் தேடி 5/16 யுஎன்எஃப் ஒன்றை எடுத்துப் போட்டேன். விரலிலேயே மூன்று சுற்று இறங்கியது. பிறகு இறுகியது. துரு என்று நினைத்து ஸ்பானரால் தள்ளினேன்.

பெரியப்பா அந்தச் சத்தத்தைப் பத்தடி தூரத்தில் இருந்து கேட்டுவிட்டார். "டேய், நிறுத்து. அது இஞ்சு இல்லடா, மில்லி. தலை மட்டும்தான் வெள்ளக்காரன்."

பிறகுதான் அளந்து பார்த்தேன். பழைய போல்ட் 8 மில்லி, பல்லுக்குப் பல் 1 மில்லி. நான் போட்ட 5/16 யுஎன்எஃப்பின் விட்டம் 7.94 மில்லி, இஞ்சுக்கு 24 பல், அதாவது பல்லுக்குப் பல் 1.058 மில்லி. விட்டம் துளி சின்னது என்பதால் உள்ளே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 0.058 மில்லி விலகி, மூன்று நான்கு சுற்றில் பல் பல்லைக் கடிக்கத் தொடங்குகிறது. இரண்டுக்கும் பல்லின் கோணம்கூட ஒன்றுதான், 60 டிகிரி. ஏமாற்றுவதற்கென்றே செய்துவைத்த மாதிரி.

ஒரு பிரிட்டிஷ் என்ஜினுக்குள் மெட்ரிக் மரை எப்படி வந்தது? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

1841-இல் ஜோசப் விட்வொர்த் தன் மரை அளவுகளை முன்வைக்கும்வரை இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒருவர் செய்த போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறாது. அவர் 55 டிகிரி கோணம் என்றும், இன்ன விட்டத்துக்கு இஞ்சுக்கு இத்தனை பல் என்றும் வகுத்தார். ரயிலோடும் கப்பலோடும் அந்த மரை சாம்ராஜ்யம் முழுக்கப் பரவியது. பேராக்கில் அதன் எச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங் போய், 1938-இல் இங்கிலாந்தில் செய்த ஈயக்கப்பலைப் பாருங்கள். விட்வொர்த்தின் ஆட்சிக்காலத்து இரும்பு அது. பெரியப்பா கற்றதும் அந்த மரையில்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில், ஸ்டோர் மிஷின் பார்த்தவருக்குக் கையாளாக. ஸ்பானர் நம்பர் போல்ட்டின் விட்டத்தைச் சொல்லும், தலையின் அகலத்தை அல்ல என்பதுதான் முதல் பாடமாம். கால் டபிள்யு ஸ்பானரின் வாய் கால் இஞ்சு இருக்காது, 0.525 இஞ்சு இருக்கும்.

அந்த ஆட்சிக்குள் நுழைந்த பிரெஞ்சுக்காரன் பெயர் ஹாட்ச்கிஸ். உண்மையில் நிறுவனர் பெஞ்சமின் ஹாட்ச்கிஸ் ஓர் அமெரிக்கர். தொழிற்சாலை பாரிஸை ஒட்டிய செயின்ட் டெனியில். இயந்திரத் துப்பாக்கிதான் அவர்கள் சரக்கு. முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஒரு கிளை திறந்தார்கள். போர் முடிந்ததும் துப்பாக்கிக்குக் கிராக்கி இல்லை, லேத்துகள் சும்மா நின்றன. அதே நேரத்தில் வில்லியம் மோரிஸ் தன் கவ்லி கார்களுக்கு என்ஜின் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அதுவரை அமெரிக்காவின் கான்டினென்டல் கம்பெனியிடம் வாங்கியது நின்றுபோயிருந்தது. அந்த என்ஜினை அப்படியே பார்த்துச் செய்து தரச் சொல்லி 1919-இல் ஹாட்ச்கிஸிடம் கொடுத்தார்.

கோவென்ட்ரி லேத்துகள் மில்லியில் மரை வெட்டுபவை. எல்லாவற்றையும் மாற்றுவது பெருஞ்செலவு. ஆனால் மோரிஸ் காரைப் பழுதுபார்க்கும் ஒவ்வொரு ஆங்கிலேயன் கையிலும் இருப்பது விட்வொர்த் ஸ்பானர். அதனால் ஒரு சமரசம்: மரை மெட்ரிக், தலை விட்வொர்த். வெளியே பார்ப்பவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. 1923-இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கினார். அப்போதாவது மாற்றினார்களா என்றால் இல்லை. 1938-இல் மோரிஸ் டென் காருக்குப் புது என்ஜின் வரைந்தபோதும் அதே மரை. (இந்தியாவில் ஹிந்துஸ்தான் 10 என்று ஓடியது அந்த மோரிஸ் டென்தான்.) அதிலிருந்து பிறந்ததுதான் எக்ஸ்பிஏஜி. 1955 வரை எம்ஜிக்குள் உயிரோடு இருந்தது. ஒரு போரில் தற்செயலாக வந்து இறங்கிய லேத்துகள், முப்பது வருடத்துக்கு மேல் ஒரு கம்பெனியின் மரையைத் தீர்மானித்திருக்கின்றன. எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. எந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவனுக்கும் தெரியும், இருக்கிற மிஷினை வைத்துத்தான் எல்லாம்.

நான் போட்ட யுஎன்எஃப் இன்னொரு போரின் பிள்ளை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான என்ஜினைச் செய்ய எடுத்தபோது, பிரிட்டிஷ் மரைகளையே அமெரிக்காவில் வெட்ட வேண்டியிருந்தது. அந்தத் தலைவலிக்குப் பிறகு, 1948 நவம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் வாஷிங்டனில் கூடி ஒரே மரைக்குக் கையெழுத்துப் போட்டன.

இதனால் ஈப்போ பட்டறைக்காரர்களுக்கு என்ன ஆனது என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அறுபதுகளில் பெரியப்பா முன்னால் ஒரே நாளில் பழைய பிஎஸ்எஃப் வண்டி ஒன்று, யுஎன்எஃப் போட்ட மோரிஸ் மைனர் ஒன்று, இந்த எம்ஜி ஒன்று வந்து நிற்கும். லூகாஸ் மின்சாமான்களில் பிஏ என்று இன்னொன்று, 47.5 டிகிரி. பிறகு ஜப்பான் வண்டிகள் வந்து எல்லாம் மில்லி ஆனது. புத்தகம் இல்லை, கேஜ் இல்லை. அவரிடம் இருந்தது ஆறு டின், ஒவ்வொன்றிலும் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு போல்ட். சந்தேகப்பட்ட போல்ட்டைத் தெரிந்த போல்ட்டோடு பக்கவாட்டில் பல்லோடு பல் சேர்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் ஜாதி வேறு. என் கேஜின் 24 பல் தகடு அந்த எட்டு மில்லியில் கிட்டத்தட்டப் பொருந்தியது. அவர் முறையில் முழு நீளமும் ஒப்பிடப்படுவதால் பிசகு உடனே தெரிந்தது.

ஓட்டையைக் காப்பாற்றியதும் அவர்தான். வார்ப்பிரும்பு பிளாக், போனால் போனதுதான். பழைய அசல் போல்ட் ஒன்றை வைஸில் கவ்வி, மரைக்குக் குறுக்கே அரத்தால் மூன்று பள்ளம் இழைத்தார். கிரீஸ் தடவி, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று விரலால் நகர்த்தினார். நசுங்கிய பல் தூளாக வந்தது. முதல் மூன்று பல் போய்விட்டது, ஆழத்தில் இருந்தவை தப்பின.

"பள்ளிக்கூடத்துல இத சொல்லித் தரலியா?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.

"விட்வொர்த்துக்கு ஒரு ஸ்லைடு இருந்துச்சு பெரியப்பா."

8க்கு 1 மரை போல்ட் இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆனால் தலை 13 மில்லி. மூன்றை வாங்கிப் போட்டோம். இப்போது அந்தச் சம்ப்பைக் கழற்ற இரண்டு ஸ்பானர் வேண்டும், கால் டபிள்யு ஒன்று, 13 ஒன்று. அடுத்து கைவைப்பவன் எங்களைத் திட்டுவான் என்று, எந்த மூன்று என ஒரு தாளில் எழுதி வண்டியின் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.