வெற்றுத்தாளின் முன் தமிழ்ப் பிள்ளை

சிங்கப்பூரின் பள்ளி வரலாற்றை ‘எந்த மொழி, எத்தனை மணி நேரம்’ என்ற கணக்காகவே சொல்லிப் பழகிவிட்டோம். 1979இல் வெளிவந்த, துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் கல்வி அறிக்கை அந்தக் கணக்கின் உச்சம். தேர்வெழுதியவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோர் பள்ளியில் படித்த இரு மொழிகளில் ஒன்றிலாவது தேறவில்லை. 85 சதவீதப் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலமோ மாண்டரினோ பேசுவதில்லை என்றது அறிக்கை. அதைத் தயாரித்த குழுவில் பொறியாளர்களே அதிகம். குழாய் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தொடக்கநிலை மூன்றின் முடிவில் தரம்பிரித்து, சிலருக்கு ஆறு ஆண்டு, சிலருக்கு எட்டு ஆண்டு என்று வகுத்தார்கள். பாதியில் படிப்பை விட்டவர்கள் குறைந்தார்கள் என்பது அதற்குக் கிடைத்த நியாயமான பெருமை. ஆனால் ஆங்கிலக் கட்டுரைத் தாளின் முன் உட்கார்ந்த பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை.

அதே 1979இல்தான் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளாவல், தன் சிந்தனையைத் தானே கவனித்து நெறிப்படுத்தும் திறனைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். 1981இல் ஆய்வாளர்கள் லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேஸும், எழுதுகிறவர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, திட்டமிடுவதும் எழுதுவதும் திருத்துவதும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நடப்பதைக் காட்டினார்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது அலெக்சாண்டர் ஃபிரீட்லேண்டரின் 1990ஆம் ஆண்டு ஆய்வு. சீன மாணவர்கள் தங்கள் முன்னோர் வழிபாட்டு நாளான சிங்மிங் திருவிழாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுமுன் சீனத்தில் திட்டமிட்டபோது திட்டமும் கட்டுரையும் மேம்பட்டன. தைப்பூசத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதவேண்டிய சிராங்கூன் சாலைத் தமிழ்ப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இங்கேதான் தமிழ்ப் பள்ளிகளின் கதை வேறு அர்த்தம் பெறுகிறது. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதை யாரும் சட்டம் போட்டு மூடவில்லை. வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் முடிவெடுத்தார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள். 1987க்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே பயிற்றுமொழியானது. தமிழ் ஒரு பாடமாகத் தங்கியது. ஒரு கருத்தைத் தமிழில் நீளமாக வளர்த்து, மறுப்புக்குப் பதில் சொல்லி முடிக்கும் பயிற்சி அந்தப் பாடவேளைக்குள் சுருங்கிப்போனது. 1950களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றத்தில் பிள்ளைகள் எழுதிப் பழகியது அந்தப் பயிற்சியைத்தான்.

தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறினார்களே என்று கேட்கலாம். தடுமாறினார்கள், பெற்றோரின் முடிவை நான் குறைசொல்லவில்லை. சொல்லே தெரியாதவனுக்குத் திட்டம் எதற்கு என்பது இன்னும் வலுவான மறுப்பு. எழுத்துக்கூட்டலிலேயே மூச்சு வாங்கும் பிள்ளைக்கு உத்தி மட்டும் போதாது என்பது உண்மையே. ஆனால் அதே காரணத்தால்தான் யோசனையைத் தெரிந்த மொழியில் முன்கூட்டியே முடித்துக்கொள்வது சுமையைக் குறைக்கிறது: என்ன நடந்தது, யாருக்கு, எதை விடலாம் என்பதெல்லாம் தீர்ந்துவிட்டால் எழுதும்போது சொல்லைத் தேடுவது மட்டுமே மிச்சம்.

1997இல் பிரதமர் கோ சோக் டோங் ‘சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் நாடு’ என்று அறிவித்தபின் அரசின் பேச்சு மாறியது. துணைப்பாடச் சந்தையின் பழக்கம் அவ்வளவு மாறவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மூன்று படங்கள் தந்து 150 சொற்களுக்குக் குறையாமல் எழுதச் சொல்கிறார்கள். துணைப்பாட வகுப்புகளுக்கும் மாதிரிக் கட்டுரைப் புத்தகங்களுக்கும் பஞ்சமில்லை. படம் எதுவானாலும் சூரியன் பளிச்சென்று ஒளிர்ந்த காலையில்தான் கதை தொடங்குகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தை வீட்டில் அதிகம் பேசுவோர் 48.3 சதவீதமாகிவிட்டார்கள். இப்படி மனப்பாடமாக எழுதுவதற்கு வீட்டுமொழிதான் காரணம் என்றால் இந்தக் காலை எப்போதோ விடிந்து முடிந்திருக்க வேண்டும்.