டெலிபோன் பெண்ணும் ஒரு ஷில்லிங் கச்சேரியும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "அண்ணே, விடுதி நினைவுகள் ஏகப்பட்டது வந்திருச்சு. நீங்க வரலாறு படிச்சவர், வரலாறா ஏதாவது எழுதுங்களேன்" என்றார் தம்பி. விடுதியையும் விடாமல் வரலாற்றையும் விடாமல் எழுத ஒரு சங்கதி என் மனதில் நெடுநாளாகக் கிடக்கிறது. அதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

1974-ஆம் ஆண்டு. நுண்கலை மன்றச் செயலாளர் பொறுப்பு என் தலையில். என் அறை நண்பன் ஒருவன் சிறு வயதிலிருந்தே முறையாகச் சங்கீதம் கற்றவன். கல்லூரிக் கலையரங்கில் அவனுடைய கச்சேரிக்கு ஏற்பாடு செய்தோம். சுவரொட்டி ஒட்டினோம், வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை அனுப்பினோம். வந்தவர்கள் பதினொரு பேர்! அதிலும் மூன்று பேர் மிருதங்கக்காரருடன் வந்தவர்கள். நண்பன் முகம் மாறாமல் இரண்டு மணி நேரம் பாடி முடித்தான்.

மறுநாள் வரலாற்றுத் துறைப் பேராசிரியரிடம் புலம்பினேன். "நம்ம பசங்களுக்கு ரசனையே இல்ல, சார்."

"மெஸ்ஸுல எத்தனை பேரு சாப்பிடறீங்க?"

"முந்நூறு பேர் இருக்கும், சார்."

"அங்க போய்ப் பாடினீங்களா?"

"மெஸ்ஸுலயா, சார்?" என்று நான் வாயைப் பிளந்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாப்பா" என்றார். போனேன். பழைய கிராமபோனில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் இசைத்தட்டைச் சுழல விட்டார். கனமான, ஆழமான குரல். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எழுந்து வரவும் மனமில்லை. "இந்தம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தவங்க. பேக்டரி கேன்டீன்ல பாடினவங்க" என்று ஆரம்பித்தார் சார். அவர் அன்று சொன்னதையும், பிற்பாடு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இனி எழுதப் போகிறேன்.

முதலில் அந்தப் பாட்டு வகையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜெர்மானிய மொழியில் அதை 'லீட்' என்பார்கள். நாம் கலைப்பாடல் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கவிஞர் ஒருவருடைய கவிதையை எடுத்து ஓர் இசையமைப்பாளர் பாட்டாக்குவார். பாட ஒருவர், பியானோ வாசிக்க ஒருவர், அவ்வளவுதான். நாடகம் கிடையாது, வேஷம் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. பியானோ வெறும் பக்கவாத்தியம் அல்ல, கவிதையின் பாதிப் பொருளை அதுதான் சொல்லும். வியன்னா நகரத்து ஷூபர்ட் இந்த வகையின் பெரிய புள்ளி. 1814-இல், தம் பதினேழாவது வயதிலேயே இதில் ஒரு சிகரத்தைத் தொட்டவர். 1828-இல் முப்பத்தொரு வயதில் கண்ணை மூடுவதற்குள் அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களை எழுதிவிட்டார். அவற்றில் பல முதலில் ஒலித்தது நண்பர்கள் வீட்டுக் கூடங்களில்தான். வீட்டுக் கூடத்தில் பிறந்த பாட்டு, போகப் போக சீமான்களும் சீமாட்டிகளும் வந்து அமரும் அரங்கத்துச் சொத்தாகிவிட்டது. இது நமக்குத் தெரியாத கதையா என்ன?

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. குண்டு விழும் என்ற பயத்தில் லண்டன் நகரக் கச்சேரி அரங்குகள் மூடப்பட்டன. நேஷனல் கேலரியிலிருந்த ஓவியங்களைப் பத்திரமான இடங்களுக்குக் கொண்டு போய்விட்டார்கள். வெறும் சுவர்கள்தான் மிச்சம். மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர், அந்தச் சுவர்களுக்கு நடுவே பகல் உணவு நேரத்தில் கச்சேரி நடத்தலாமே என்று கேட்டார். கேலரியின் இயக்குநர் கென்னத் கிளார்க் சம்மதித்தார். 1939 அக்டோபர் 10-ஆம் தேதி முதல் கச்சேரி. கட்டணம் ஒரு ஷில்லிங். ரூபாய்க்குப் பதினெட்டு பென்ஸ் என்ற அந்தக் காலக் கணக்கில் பத்தணா சொச்சம். அலுவலகத்திலிருந்து சாப்பாட்டு வேளையில் ஓடி வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் உண்டு. குண்டு விழுந்த நாட்களில் நிலவறைக்கு இறங்கி நடத்தினார்கள். 1946 ஏப்ரல் வரை மொத்தம் 1,698 கச்சேரிகள், கேட்டவர்கள் 8,24,152 பேர். வகுத்துப் பாருங்கள், ஒரு கச்சேரிக்கு ஏறக்குறைய 485 பேர்! எங்கள் பதினொன்றை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் லண்டன் மட்டுமா இங்கிலாந்து? சுரங்க ஊர்களிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் இரவு பகலாக வேலை செய்தவர்கள் நேஷனல் கேலரிக்கு எப்படி வருவார்கள்? அவர்களைத் தேடிப் போவதற்காக 1940 தொடக்கத்தில் ஒரு குழு அமைந்தது. இசைக்கும் கலைகளுக்கும் ஊக்கமளிக்கும் குழு என்று பொருள்படும் அதன் பெயரைச் சுருக்கி 'சீமா' என்று அழைத்தார்கள். பில்கிரிம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கொடுத்த 25,000 பவுன்தான் முதல் முதலீடு. பிறகு அரசாங்கமும் கைகொடுத்தது. சிப்பாய்களுக்கும் தொழிலாளிகளுக்கும் கேளிக்கை வழங்க வேறோர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது. ஹாஸ்யம், ஆட்டம், ஜனரஞ்சகப் பாட்டு எல்லாம் அதன் இலாகா. சீமாவோ ஷூபர்ட்டையும் பிராம்ஸையும் கேன்டீனுக்குள் கொண்டு போகத் துணிந்தது.

இந்த இடத்தில்தான் நம் டெலிபோன் பெண் வருகிறார்.

கேத்லீன் ஃபெரியர் 1912-இல் லங்காஷயரில் ஓர் ஆசிரியரின் மகளாகப் பிறந்தவர். வீட்டு வருமானம் போதாததால் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு பிளாக்பர்ன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தார். பியானோ நன்றாக வாசிப்பார். பதினாறு வயதில் ஒரு போட்டியில் வென்று பியானோ ஒன்றைப் பரிசாகவும் பெற்றார். ஆனால் இசைக் கல்லூரிப் படிப்பு கிட்டவில்லை. 1935-இல் தொலைபேசியில் மணி சொல்லும் 'பேசும் கடிகார'த்துக்குக் குரல் தேடினார்கள். அதற்கு மனுப் போட்டார், தேறவில்லை! 1937-இல் கார்லைல் இசை விழாவில் பியானோப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது, "பாட்டுப் போட்டிக்கும் கொடுப்பாயா பார்க்கலாம்" என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். கொடுத்தார். இரண்டிலும் முதல் பரிசு. அந்தப் பந்தயத்தில்தான் ஒரு பாடகி பிறந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

1941-இல் சீமாவின் குரல் தேர்வில் தேறினார். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பயணம்தான். போர்க்கால இருட்டடிப்பில் ரயில் பிடித்து, ராணுவ முகாம், தொழிற்சாலை, சிற்றூர் மண்டபம் என்று பாடிக்கொண்டே போனார். கேன்டீன் கச்சேரி எப்படி இருக்கும் என்று நம் மெஸ்ஸை நினைத்துப் பார்த்தாலே போதும். தட்டுச் சத்தம், பேச்சுச் சத்தம், அரை மணியில் சங்கு ஊதிவிடும். அங்கே கையைக் கட்டிக்கொண்டு 'அமைதி' என்று அதட்டினால் நடக்குமா? முதல் வரியிலேயே கேட்பவனைப் பிடித்தாக வேண்டும். அவரைப் போன்ற சீமா பாடகர்கள் ஆங்கிலப் பாடல்களையும் நாட்டுப்பாடல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜெர்மானியப் பாடல்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பெயர்த்தே பாடினார்கள். எதிரி நாட்டு மொழி, எதிரி நாட்டு விமானம் தலைக்கு மேலே. ஆனாலும் அந்த நாட்டுக் கவிதையும் இசையும் பகையில்லை என்று அந்த ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்களே, அதைச் சும்மா சொல்லக்கூடாது.

1942-இல் மால்கம் சார்ஜென்ட் என்ற நடத்துநர் அவர் குரலைக் கேட்டு லண்டனுக்கு வழிகாட்டினார். அந்த டிசம்பர் 28-ஆம் தேதி அதே நேஷனல் கேலரியில், அதே ஒரு ஷில்லிங் கச்சேரியில் ஃபெரியர் பாடினார். அடுத்த மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பாட அழைப்பு வந்தது. பிறகு உலகப் புகழ். 1953-இல் புற்றுநோய்க்குப் பலியானபோது அவருக்கு வயது நாற்பத்தொன்றுதான்.

இவர் ஒருவர் மட்டுமல்ல. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டெனும் பாடகர் பீட்டர் பியர்ஸும் 1942-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பினார்கள். இருவரும் மனச்சாட்சியின் பேரில் போரில் சேர மறுத்தவர்கள். இவர்களும் சீமாவுக்காக ஊர் ஊராகப் போனார்கள். 1943-இல் லண்டன் வார்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறையில் பாடினார்கள். அப்போது பிரிட்டெனின் பக்கத்தில் நின்று இசைத்தாளைப் புரட்டியவர் அங்கே கைதியாக இருந்த மைக்கேல் டிப்பெட். அவரும் இசையமைப்பாளர், அவரும் போரை மறுத்துச் சிறை புகுந்தவர்! கச்சேரிக்கு இதைவிட நல்ல மேடை உண்டா?

இத்தோடு முடித்தால் இது கதையாகிவிடும். வரலாறு என்றால் மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1942-இல் சீமாவின் தலைவராக வந்தவர் நம் பொருளாதார மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அதே கீன்ஸ்தான். இளமையில் லண்டன் இந்தியா ஆபீஸில் வேலை பார்த்து, 1913-இல் நம் ரூபாயைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அவருக்குத் தரம் முக்கியம். தேர்ந்த தொழிற்கலைஞர்கள், நல்ல அரங்குகள், அவற்றின் மையமாகத் தலைநகரம் என்று அவர் நோக்கு போயிற்று. சிற்றூர்க்காரன் தானே பாடக் கற்கவும் உதவ வேண்டும் என்பது சீமாவை ஆரம்பித்தவர்களுடைய ஆசை. இரண்டுக்கும் இழுபறி. 1946-இல் சீமா கலைக் கழகமாக மாறியது, அதே வருஷம் கீன்ஸும் மறைந்தார். போர் முடிந்ததும் தொழிற்சாலைக் கச்சேரிகள் தேய்ந்துபோயின. தரமா, பரவலா என்ற கேள்வி மட்டும் அங்கே தீரவேயில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போர்க்காலத்தில் வேறு பொழுதுபோக்கு குறைவு. கேன்டீனில் உட்கார்ந்திருந்தவன் பாட்டைத் தேடி வந்தவனும் அல்ல. ஆகவே 'கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாரும் ரசிகராகிவிடுவார்கள்' என்று நான் வாதாட மாட்டேன். சிலருக்குப் பிடிக்காது, பிடிக்கவும் வேண்டாம். கேட்டுப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று சொல்வது ஒருவனுடைய உரிமை. கேட்கவே வழியில்லாதவனைப் பார்த்து 'ரசனை இல்லை' என்று சொல்வதுதான் அநியாயம். அந்த அநியாயத்தை 1974-இல் செய்தவன் நான்.

விதை வீண்போகவில்லை. ஃபெரியர் பெயரில் இளம் பாடகர்களுக்கான போட்டிப் பரிசு 1956 முதல் வழங்கப்படுகிறது. 1977-இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின், இயன் ஸ்டௌட்ஸ்கருடன் சேர்ந்து 'லைவ் மியூசிக் நௌ' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1952-இல் நேருவின் அழைப்பில் நம் நாட்டுக்கு வந்து கச்சேரி செய்தாரே, அவரேதான். தேர்ந்தெடுத்த இளம் கலைஞர்களை முதியோர் இல்லம், மருத்துவமனை, சிறப்புப் பள்ளி என்று அனுப்பி வைப்பது அந்த அமைப்பின் வேலை. இளைஞருக்குச் சன்மானமும் அனுபவமும் கிடைக்கிறது. எழுந்து வர முடியாதவருக்குப் பாட்டு கிடைக்கிறது.

என் நண்பனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே! அந்தப் பதினொரு பேர் கச்சேரிக்குப் பிறகு அவன் கல்லூரியில் பாடவே இல்லை. படிப்பு முடிந்து உத்தியோகத்துக்குப் போனான், சாதகத்தை விட்டுவிட்டான். இருபது வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "இப்பல்லாம் பாடறதில்லடா, யாருக்காகப் பாடறது?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. சார் சொன்ன மெஸ் யோசனையை நான் அவனிடம் சொல்லவே இல்லை. 'மெஸ்ஸில் பாடினால் மரியாதை என்னாவது?' என்று அவன் கோபிப்பான் என நினைத்தேன். உண்மையில் கௌரவம் பார்த்தவன் நான்தான். ஃபெரியர் பார்க்கவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிலும் பாட்டு கற்றவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். கலையரங்கத்துக்கு ஆள் வரவில்லையென்றால் மெஸ்ஸுக்குப் போங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம் போதும். ஒரு பாட்டைப் பாடுமுன் அது என்ன சொல்கிறது என்று நாலு வரியில், நம் பேச்சு மொழியில் சொல்லுங்கள். பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத் திண்ணையிலும் பாடுங்கள்.

பழைய மாணவர் சங்கத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு சுருதிப் பெட்டியும் போக வர பஸ் செலவும் பெரிய காசு அல்ல. வருஷத்துக்கு இரண்டு மாணவர்களுக்கு அதை நாம் தரலாமே? முதல் வருஷச் செலவு என்னுடையது.

இந்தச் சந்திப்புக்கு என் நண்பனும் வருவதாகக் கடிதம் எழுதியிருக்கிறான். அன்று இரவு சாப்பாடு பழைய மெஸ்ஸில்தானாம். அவனை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். நீங்களும் கொஞ்சம் தட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்!